மரம் கல்லானது, மரம் கரியானது

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷத்துக்கு மேல பேசக் கூடாது" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாற்பத்தைந்து நிமிஷ பீரியடுக்குப் பழகிய வாத்தியார் வாய் இது. முயற்சி செய்கிறேன்.

நான் அனுமந்தைக்காரன். என் அப்பா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரி எனக்கு ஃபீஸ் கட்டியவர். அதனால் உப்பைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை, நிலக்கரியைப் பற்றிப் பேசப்போகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் இந்தியப் படத்தை விரித்து, நிலக்கரி கிடைக்கும் இடங்களைக் குறிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்தாள். "சார், கரி இருக்கிற ஊருல எல்லாம் ஜனங்க ஏன் சார் ஏழையாவே இருக்காங்க?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது பரீட்சைக்கு வராதும்மா, நீ புள்ளியை வை." அவளும் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சொல்லாத பதிலை இன்றைக்கு உங்கள் முன்னால் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், கரி எங்கே இருக்கிறது? 2023 ஏப்ரல் கணக்குப்படி நம் நாட்டு நிலக்கரி வளம் ஏறத்தாழ 37,800 கோடி டன். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் என்ற மூன்றே மாநிலங்களில் கிடக்கிறது. மீதியில் பெரும்பகுதி மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம். அசாம், மேகாலயா பக்கம் கொஞ்சம். அது வயதில் இளையது, கந்தகம் அதிகம்.

படத்தை உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தாமோதர், சோன், மகாநதி, கோதாவரி என்று ஆறுகளின் பெயரைச் சொன்னால் நிலக்கரி வயல்களைச் சொன்ன மாதிரிதான். 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக் கிடந்த காலத்தில், இந்தத் தடங்களில் தரை மெல்ல மெல்ல இறங்கியது. அங்கே சதுப்பில் வளர்ந்த காடுகள் மண்ணுக்குள் புதைந்து, அழுந்தி, கரியாயின. நம் பக்கத்துத் தரை அப்படி இறங்கவில்லை. செஞ்சிக் கோட்டை நிற்கிற பாறை, பூமியில் மரம் என்று ஒன்று தோன்றுவதற்கே முந்தையது. அதற்குள் கரியைத் தேடுவது, தாத்தாவின் கல்யாணப் போட்டோவில் பேரனைத் தேடுகிற கதைதான்.

அப்படியானால் நமக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. திருவக்கரை நமக்குப் பக்கம்தான். அங்கே கல்லாகிப்போன மரங்கள் படுத்துக் கிடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுமார் இரண்டு கோடி ஆண்டு வயது என்கிறார்கள். மணலுக்குள் புதைந்த மரத்தில் சிலிகா கலந்த நீர் ஊறி, அணு அணுவாக மரத்தின் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. அதே கடலூர் மணற்கல் வரிசை தெற்கே நெய்வேலிக்கும் போகிறது. அங்கே காற்றுப் புகாத சதுப்பில் மூழ்கிய மரம் பழுப்பு நிலக்கரியானது. ஒரு பக்கம் மரம் கல்லானது, இன்னொரு பக்கம் மரம் கரியானது. விழுந்த இடம்தான் வித்தியாசம்.

நெய்வேலிக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் நிறுவனம் தொடங்கியது. 1957இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் மின்சாரம் வந்தது. அது லேசான வேலை இல்லை. கரிப்படுகைக்கு அடியில் ஊற்று நீர் பீறிட்டு நிற்கிறது. அதை ராத்திரி பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். எடுத்த கரியிலும் ஏறக்குறையப் பாதி எடை ஈரம். அதைத் தூரதேசம் சுமந்துபோனால் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும். அதனால்தான் சுரங்க வாயிலிலேயே மின் நிலையம். இந்திய நாட்டின் பழுப்பு நிலக்கரியில் ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில்தான் இருக்கிறது.

ஆனாலும் நமக்கு அது போதவில்லை. ஒடிசாவில் தால்சேரில் வெட்டிய கரி ரயிலேறிப் பாரதீப் துறைமுகம் போய், அங்கே கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. இதற்கென்றே நம் அரசு 1974இல் பூம்புகார் கப்பல் கழகத்தை வைத்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறந்ததும் முதலில் கரிக்காகத்தான். நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம். பத்து டன் எரித்தால் மூன்று, நான்கு டன் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தை என்ன செய்தது என்று அங்கே வலை போடுகிறவர்களைக் கேளுங்கள். நம்மைப் போன்ற கடற்கரை ஜனங்கள்தான் அவர்களும்.

1986இல் கல்லூரிச் சுற்றுலாவில் தன்பாத் போனோம், ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? அப்போது அது பீகார். பக்கத்தில் ஜாரியாவில் 1916 முதல் பூமிக்கடியில் எரிகிற நெருப்பைக் காட்டினார்கள். தரை வெடிப்பில் புகை வந்தது. நாம் அதைப் பார்த்து வாயைப் பிளந்தோம். எனக்கு மனசில் நின்றது வேறு. சைக்கிளின் இரண்டு பக்கமும் மூட்டை மூட்டையாகக் கரியைக் கட்டி, ஏறி மிதிக்க முடியாமல் மேட்டில் தள்ளிக்கொண்டு போனார் ஒருவர். நம் பேராசிரியர் இந்தியில் அவரிடம் வீட்டில் கரண்ட் உண்டா என்று கேட்டார். அவர் சிரித்தார். "இல்லை" என்பதற்கு அதுதான் பதில். அந்த வருஷம் அனுமந்தையில் எங்கள் வீட்டில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். கரி எங்கே இருக்கும் என்பதைப் பூமி தீர்மானித்தது. அதனால் யார் வாழ்வார்கள் என்பதை நாம் தீர்மானித்தோம். நிலம் போனது ஊர்க்காரருக்கு. மின்சாரமும் எஃகும் போனது வெளியூருக்கு. 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை எஃகு நாடெங்கும் ஒரே விலையில் கிடைக்கும்படி சரக்குக் கட்டணத்தைச் சமன் செய்தார்கள். தூரத்தில் இருந்த நம் தொழிற்சாலைகளுக்கு அது நல்லதாயிற்று. பக்கத்தில் இருந்தவனுக்கு, பக்கத்தில் இருந்த லாபம் போயிற்று. சுரங்க மாவட்டத்துக்கென்று ஒரு நிதி ஒதுக்க, மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சட்டம் வந்ததே 2015இல்தான்.

இது வடநாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பழுப்பு நிலக்கரியில் பெரும்பகுதி மன்னார்குடிப் பக்கம், நெல் வயலுக்கு அடியில் கிடக்கிறது. 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் வந்தது. 2023இல் அந்தப் பக்கத்து மூன்று கரி வயல்கள் ஏலப் பட்டியலில் வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். கரி அங்கேயேதான் இருக்கிறது. கேள்வியும் அங்கேயேதான் இருக்கிறது. நாளைக்கு அதற்குப் பதில் சொல்லும் நாற்காலியில் உங்களில் ஒருவர் உட்காரலாம்.

என் அப்பா உப்பு வாரிய பாத்தியில் மழை முடிந்ததும் மறுபடி தண்ணீர் பாய்ச்சினால் மறுபடி உப்பு விளையும். கரி அப்படி இல்லை. ஒரு தடவை வாரினால் வாரியதுதான். அதனால் அதை எடுப்பதற்கு முன்னால் மேலே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, படத்தில் புள்ளி வையுங்கள், மார்க் வாங்குங்கள். ஆனால் புள்ளி வைக்கும்போது அதற்கு மேல் ஒரு ஊர் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். நம் கூட்டத்தில் வாத்தியார்களானவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கேட்டால், "பரீட்சைக்கு வராது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பத்து நிமிஷத்தைத் தாண்டிவிட்டேன். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.