ஹெரால்டு காரும் ஒரு நோட்டுப் புத்தகமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உன் அனுபவம் ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். ஒரு காரை விற்ற கதையைச் சொல்கிறேன்.

கறம்பக்குடியில் எங்கள் தாத்தா வைத்திருந்தது 1969ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை உரிமம் பெற்றுச் சென்னையில் தயாரித்த கார், 948 சி.சி. எஞ்சின். தாத்தாவுக்குப் பிறகு கொட்டகையிலேயே கிடந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது, கொட்டகையும் அதன்மேல் விழுந்தது. "பழைய இரும்புக்குப் போட்டுருவோம்" என்றார் அப்பா. எனக்கு மனசு வரவில்லை.

லீவு கிடைத்தபோதெல்லாம் ஊருக்கு வந்து வேலை பார்த்தேன். மெக்கானிக் அண்ணன், "வேற எஞ்சினைத் தூக்கி வச்சிருவோம் தம்பி, தொல்லை விட்டுச்சு" என்றார். நான் சம்மதிக்கவில்லை. நடுவழியில் நிறுத்திவிடும் கோளாறுகளுக்கு மட்டும் வழி பார்த்தோம். வண்டி மெதுவாகப் போனால் டைனமோ சரியாகச் சார்ஜ் ஏற்றாது, இரவில் விளக்கு மங்கும். எனவே ஆல்டர்னேட்டர் வைத்தோம். கான்டாக்ட் பாயிண்ட் தேய்ந்து இடைவெளி மாறும். எனவே எலெக்ட்ரானிக் இக்னிஷன். நம்மூர் வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகும்; எனவே எஞ்சின் சூட்டுக்கு எட்டாமல், டாங்க் பக்கத்தில் கரண்ட் பம்ப். நசுங்கிய கூரையைத் தட்டி நிமிர்த்தினோம். சேஸிஸும் எஞ்சினும் பழையவைதான். கழற்றிய பாகங்களை எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்தேன். செய்ததையெல்லாம் தேதி போட்டு, வயரிங் படத்தோடு ஒரு நோட்டில் எழுதினேன். நம்ம லேப் ரெக்கார்டு பழக்கம்தான்!

2023இல் அப்பாவின் ஆபரேஷனுக்காக விற்க வேண்டியதாயிற்று. தஞ்சாவூரிலிருந்து வந்தவர் பார்த்ததுமே மயங்கிவிட்டார். "எல்லாம் ஒரிஜினல்தானே?" என்றார். தலையை ஆட்டினால் போதும், அவர் சொன்ன விலை கைக்கு வந்துவிடும். நோட்டையும் பெட்டியையும் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். விலையில் 60,000 ரூபாய் குறைந்தது. "செஞ்சது சரிதான். ஆனா அறுபதாயிரம்டா!" என்றார் அப்பா.

அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். 2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 வருடம் தாண்டிய, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியைப் பழமை வாகனமாகப் பதியலாம். ஆனால் அப்புறம் தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. "எது வேணும்னு யோசிச்சு முடிவு பண்ணுங்க சார்" என்றேன். படிவம் 29, 30 கொடுத்து, ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை நானும் விடவில்லை. விற்ற பிறகும் பதிவில் நம் பெயரே இருந்தால், விபத்து இழப்பீட்டுக்கு நாம்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே!

ஆறு மாதம் கழித்து அவரிடமிருந்து போன். ராத்திரி, மழை, குடும்பத்தோடு வரும்போது செங்கிப்பட்டி பக்கம் வண்டி நின்றுவிட்டதாம். நோட்டைப் பிரித்துப் பார்த்து, பம்ப் ஃபியூஸைக் கண்டுபிடித்து மாற்றி, பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டாராம். எல்லாம் ஒரிஜினல் என்று நான் சொல்லியிருந்தால், அந்த வண்டியில் இல்லாத ஒரு பம்பை அல்லவா தேடிக்கொண்டிருந்திருப்பார்!

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் எதையாவது மாற்றுவீர்கள், திருத்துவீர்கள். செய்யுங்கள், செய்ததை எழுதி வையுங்கள், வாங்குகிறவரிடம் மறைக்காதீர்கள்.