பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சீட்டு



பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டுக் கொண்டு வருகிறான். 'வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பெற்றோர் கூட்டம். தவறாமல் வரவும்' என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பது மலையாளத்தில். அம்மா படிக்கக் கற்றுக்கொண்டது தமிழ். அதனால் பிள்ளையே படித்துச் சொல்கிறான். தனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறான். சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்!

மட்டாஞ்சேரியில் இது அதிசயம் இல்லை. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ், உருது என்று இந்தச் சின்ன இடத்தில் எத்தனையோ மொழிகள். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுக்கும் குடும்பங்கள் தமிழ் பேசுகின்றன. கடைத்தெருவில் மலையாளம் பேச எல்லோருக்கும் வரும். படிக்க வருமா? அது வேறு விஷயம்.

சரி, சீட்டைப் படித்தாகிவிட்டது. பகல் இரண்டு மணிக்கு யார் போவது? துணி வெளுப்பவருக்கு அது வெயில் நேரம். துணி காய வேண்டும், இஸ்திரி போட வேண்டும். மூட்டை தூக்குபவருக்கு அரை நாள் கூலி போய்விடும். ஆகவே யாரும் போவதில்லை.

பள்ளிக்கூடத்தில் என்ன சொல்கிறார்கள்? "இந்தப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை" என்கிறார்கள். நாம் வீட்டில் என்ன சொல்கிறோம்? "பணம் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள்" என்கிறோம். அவர்கள் நம்மிடம் நேரே கேட்கவில்லை. நாமும் அவர்களிடம் நேரே சொல்லவில்லை. நடுவில் பிள்ளைக்கு உதவித்தொகை விண்ணப்பம் கொடுக்கக் கடைசித் தேதி போய்விடுகிறது. கணக்குப் பாடத்தில் பிள்ளை பின்தங்கியது பரீட்சை முடிந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிகிறது.

கூட்டத்துக்கு வராதவரைக் குறை சொல்லும் முன், கூட்டத்தை எந்த நேரத்தில் வைத்தோம் என்று பள்ளி பார்க்க வேண்டும். இது என் கருத்து. நம் எர்ணாகுளம் மாவட்டமே இதற்குச் சாட்சி. 1989ஆம் ஆண்டு இங்கே முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. பல ஆயிரம் தொண்டர்கள் வேலை செய்தார்கள். அவர்கள் சீட்டு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. வீடு வீடாகப் போனார்கள். ஒரு முறை வரமாட்டேன் என்றவரிடம் மறுமுறையும் போனார்கள். மக்களுக்கு எந்த நேரம் சரியோ அந்த நேரத்தில் வகுப்பு வைத்தார்கள். 1990 பிப்ரவரி 4ஆம் தேதி, இந்தியாவிலேயே முதலாவதாக நம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கான சட்டம் இது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் ஒரு குழு இருக்க வேண்டும் என்று இது சொல்கிறது. அதன் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு. எஸ்.எம்.சி. என்று சொல்வார்கள்.

அந்தக் குழுவில் யார் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெரிய மனிதர்களா? இல்லை. நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோர், அல்லது பிள்ளையை வளர்க்கும் பொறுப்பில் இருப்பவர்கள். 20 பேர் குழு என்றால் 15 பேர் நம்மைப் போன்றவர்கள். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய, ஏழைக் குடும்பங்களின் பெற்றோருக்கும் அவர்கள் அளவுக்கு ஏற்ற இடம் உண்டு. பின்தங்கியவர் யார் என்று சொல்லும்போது சாதி, வறுமை ஆகியவற்றோடு மொழியையும் அந்தச் சட்டம் ஒரு காரணமாகச் சொல்கிறது. இதைத் தமிழ் பேசும் நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அரசுப் பள்ளியில் இந்தக் குழுவுக்கு வேலை அதிகம். பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கலாம். வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்க்கலாம். கழிப்பறை வேண்டுமா, குடிநீர்க் குழாய் வேண்டுமா என்று பள்ளி வளர்ச்சித் திட்டம் போடலாம். உதவி பெறும் பள்ளியில் அவ்வளவு இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அங்கே குழு ஆலோசனைதான் சொல்லலாம். மானேஜர் கேட்காவிட்டால் என்ன செய்வது என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சொன்ன ஆலோசனை புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தால் அதற்கு ஒரு பலம் உண்டு. வாயால் சொன்னதை மறந்துவிடலாம். எழுதியது அங்கேயே இருக்கும்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்ததும் மினிட்ஸ் புத்தகத்தை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து" என்பார்கள். நமக்கு இப்போது கையெழுத்துப் போடத் தெரியும். போடும்போது பெருமையாகவும் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். மலையாளத்தில் இருந்தால் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நாம் பேசாத ஒன்று அதில் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். படிக்காமல் போடும் கையெழுத்துக்கும் பழைய கைநாட்டுக்கும் என்ன வித்தியாசம்?

கூட்டத்தில் பேசக் கூச்சமாக இருந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். ஆசிரியரைத் திட்டப் போக வேண்டாம். அவருக்கும் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள், எழுதி முடியாத பதிவேடுகள். "என் மகள் வாசிப்பில் எப்படி? வீட்டில் நான் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். எந்த ஆசிரியரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பேசியும் தீராத குறை இருந்தால் எழுத்தில் கொடுக்கலாம். இந்தச் சட்டம் பிள்ளைக்குத் தந்த உரிமை கிடைக்காவிட்டால் உள்ளாட்சி அமைப்புக்குப் புகார் எழுதலாம். 3 மாதத்துக்குள் இரு தரப்பையும் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த முடிவும் சரியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகலாம்.

ஆனால் முதலில் எழுத வேண்டியது புகார் அல்ல, ஒரு சிறிய கடிதம். இன்றே சேர்ந்து எழுதுவோம். நான் சொல்கிறேன், நீங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

'மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் மகள் உங்கள் பள்ளியில் 4ஆம் வகுப்பில் படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு வர எங்களுக்கு ஆசை. பகலில் வேலை இருப்பதால் வர முடிவதில்லை. கூட்டத்தை மாலை ஐந்து மணிக்குமேல் அல்லது ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டுகிறோம். கூட்டச் சீட்டைத் தமிழிலும் தாருங்கள். தமிழில் எழுதித் தர எங்களில் ஒருவர் வந்து உதவுவார். இப்படிக்கு.'

கீழே உங்கள் பெயர், பிள்ளையின் பெயர், தேதி போடுங்கள். மலையாளம் எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி மறுபக்கத்தில் மலையாளத்திலும் எழுதி வாங்குங்கள். இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைப் பள்ளியில் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.