பெயரற்ற கொடுமைக்குப் பெயரிட்ட பெருமாட்டி

(மகளிர் நாள் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



சொல் என்பது வெறும் ஒலியன்று. ஒரு பொருளுக்குப் பெயர் அமைந்த பின்னரே அதனைச் சுட்டவும், பிறர்க்குக் காட்டவும், அதனொடு பொருதவும் இயலும். நோய் இன்னதென்று தெளியாதவரை மருத்துவன் கை மருந்தை நாடாது. கொடுமைக்கும் அஃதே. பெயரில்லாத கொடுமை 'வழக்கம்' என்னும் போர்வைக்குள் ஒளிந்து கொள்ளும். துன்புறுவோரே அதனை இயற்கையென்று எண்ணிப் பொறுத்துக் கொள்வர். அக்கொடுமையை வெளியே இழுத்து, அதற்கொரு பெயரிட்டு, வழக்குமன்றக் கூண்டில் நிறுத்திய ஒரு பெருமாட்டியின் வரலாறே இன்றைய பொழிவின் பொருள். அவர் அமெரிக்க நாட்டுக் கருப்பினப் பெண்மணி பாலி மர்ரே.

பாலி மர்ரே 1910-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் பால்டிமோர் நகரிற் பிறந்தார். மூன்றகவையில் தாயை இழந்தார். வட கரோலினா மாநிலத்துத் தர்காம் நகரில், பள்ளியாசிரியையாகிய பெரியம்மையின் அரவணைப்பில், தாய்வழிப் பாட்டன் பாட்டியர் இல்லத்தில் வளர்ந்தார். பாட்டனார் அடிமை முறையை எதிர்த்த வடபுலப் படையில் நின்று போரிட்டவர். போர் முடிந்தபின் விடுதலை பெற்ற அடிமைகளுக்கு எழுத்தறிவித்தவர். பாட்டியாரோ அடிமையாகவே பிறந்தவர். அடிமைப் பெண்ணொருத்தியை அவளை உடைமையாகக் கொண்ட வெள்ளைக் குடும்பத்து மகன் வல்லந்தமாய்க் கெடுத்ததனாற் பிறந்த குழவி அவர்.

இக்குடும்பச் செய்தி ஏன் கூறப்படுகின்றதெனின், கேளுங்கள். அவ்வெள்ளைக் குடும்பத்துத் தலைவர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலருள் ஒருவர். அக்குடும்பத்துச் செல்வத்தில் ஒரு பகுதி அப்பல்கலைக்கழகத்திற்கே எழுதி வைக்கப்பட்டது. 1938-ஆம் ஆண்டு பாலி மர்ரே அதே பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பிற்கு விண்ணப்பித்தார். அவரினத்தார்க்கு அங்கு இடமில்லை என்று விடை வந்தது. முன்னோர் செல்வத்தை ஏற்றுக்கொண்ட வாயில், அம்முன்னோரின் குருதி வழி வந்த மகளுக்கு மூடப்பட்டது. அவர் செய்த குற்றம் கருப்பினத்தில் தோன்றியது ஒன்றே.

1940-ஆம் ஆண்டு வெர்சீனியா மாநிலத்தில் அவரும் தோழி ஒருத்தியும் பேருந்தில் சென்றனர். பின்பகுதியில் உடைந்து கிடந்த இருக்கையை விட்டு முன்னிருக்கைக்கு வந்தமையால் இருவரும் சிறைப்படுத்தப்பட்டனர். உரோசா பார்க்சு அம்மையார் மான்கோமரி நகரில் இருக்கையை விட்டெழ மறுத்ததற்குப் பதினைந்து ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி இது. சிறையில் அவர்கள் காந்தியடிகளின் அறப்போர் முறையைக் கைக்கொள்ள முயன்றனர். அம்முறை தென்னாப்பிரிக்காவில் உருவெடுத்தபோது அதற்குத் தம் உடலையும் உயிரையும் ஈந்தோருட் பலர் தமிழர். 1914-இல் பதினாறகவையில் மாய்ந்த தில்லையாடி வள்ளியம்மையும் அவருள் ஒருவர். அந்நெருப்பின் பொறி கடல் பல கடந்து வெர்சீனியச் சிறைக்கும் எட்டியது.

வழக்குமன்றம் என்ன செய்தது? இனப்பிரிப்புச் சட்டத்தை மீறினர் என்னும் குற்றச்சாட்டைக் கைவிட்டது. அமைதியைக் குலைத்தனர் என்று மட்டும் தீர்த்துத் தண்டம் இட்டது. ஏன்? முதற் குற்றச்சாட்டை நிலைநாட்டியிருந்தால், அச்சட்டமே செல்லுமா என்று மேல்மன்றத்திற் கேட்டிருப்பர். சட்டம் தன்னைக் காத்துக் கொள்ளும் சூழ்ச்சியைப் பாலி மர்ரே அன்று கண்ணாரக் கண்டார்.

அடுத்து ஓடெல் வாலர் என்னும் கருப்பின வாரக்குடியானவரின் வழக்கு வந்தது. விளைச்சற் பங்கு பற்றிய பூசலில் வெள்ளை நிலக்காரனைச் சுட்டுக் கொன்றதாக அவருக்குச் சாவொறுப்பு விதித்தனர். தலைவரி செலுத்துவோரிலிருந்தே நடுவர் குழு பொறுக்கப்பட்டது. அவ்வரி செலுத்த இயலாத ஏழைக்கு அக்குழுவில் இடமில்லை. வாலர் உயிரைக் காக்கப் பாலி மர்ரே ஊர் ஊராய்ச் சென்று பேசினார், பொருள் திரட்டினார். ஆயினும் 1942-இல் அவர் உயிர் பறிக்கப்பட்டது. அவ்வழக்கிற்காக உழைத்த காலத்தேதான் சட்டம் பயிலும் உறுதி அவருக்குப் பிறந்தது. கண்ணீரால் கயிற்றை அறுக்க முடியாது; சட்டத்தைச் சட்டத்தாலேயே அறுக்க வேண்டும் என்று துணிந்தார்.

1941-இல் வாசிங்டனிலுள்ள ஓவர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியிற் சேர்ந்தார். அது கருப்பின மக்களின் கல்விக் கோட்டை. அங்கே நிறத்தால் எவரும் அவரை இழிக்கவில்லை. ஆனால் வகுப்பில் அவர் ஒருவரே பெண். முதல் நாளே பேராசிரியர் ஒருவர், பெண்கள் சட்டக் கல்லூரிக்கு ஏன் வருகின்றனரோ தெரியவில்லை என்று எள்ளினார், ஆடவர் நகைத்தனர். இனக்கொடுமையை எதிர்த்துப் போர்க்கருவி வடிக்கும் உலைக்களத்திலேயே மற்றொரு கொடுமை குடியிருக்கக் கண்டார் அவர்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் இனப்பிரிப்பு முறைக்குச் 'சிம் குரோ' என்பது பெயர். வெள்ளையன் ஒருவன் முகத்திற் கரி பூசிக் கருப்பினத்தாரை நகையாடிய மேடைக் கூத்தினின்று வந்த பெயர் அது. சிம் என்பது ஆண்பாற் பெயர். பாலி மர்ரே பெண்டிர் மீதான ஒடுக்குமுறைக்குச் 'சேன் குரோ' என்று பெண்பாற் பெயர் புனைந்தார். இரண்டே சொற்கள்! நிறத்தால் தாழ்த்துவதும் பாலால் தாழ்த்துவதும் ஒரு வேரின் இரு கிளைகள் என்பதை அவை ஒரு நொடியில் உணர்த்தின. நூறு பக்கம் விளக்கவேண்டியதை ஒரு பெயர் விளக்கிற்று.

கல்லூரிக் காலத்தில் அவர் ஏட்டோடு நின்றாரல்லர். 1943-இலும் 1944-இலும் ஓவர்டு மாணவர், வாசிங்டனில் கருப்பினத்தார்க்கு உணவு மறுத்த உணவகங்களில் அமைதியாய்ச் சென்றமர்ந்து அறப்போர் நடத்தினர். அவர்களுக்குச் சட்ட நெறியும் ஒழுங்கு நெறியும் வகுத்தளித்தவருள் பாலி மர்ரே முதன்மையானவர்.

வகுப்பிலும் அவர் ஓர் அறப்போர் தொடுத்தார். 1896-ஆம் ஆண்டில் உச்சமுறைமன்றம், 'பிரித்து வை, ஆனால் நிகராக வை' என்னும் கருத்துப்படத் தீர்ப்பளித்திருந்தது. பிரித்து வைத்த இடம் நிகர்தானா என்றே வழக்கறிஞர் அந்நாளில் வாதிட்டு வந்தனர். பாலி மர்ரே, பிரித்து வைத்தலே இழிவு. அதனையே நேர்நின்று தாக்குக என்றார். உடன் பயின்றோர் சிரித்தனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அத்தீர்ப்பு வீழும் என்று பேராசிரியர் இராபின்சனிடம் பத்து டாலர் பணையம் வைத்தார். பத்தே ஆண்டுகளில், 1954 மே 17-இல், பள்ளிகளில் இனப்பிரிப்பு செல்லாதென்று உச்சமுறைமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கிற்கு உழைத்த இராபின்சன், தம் மாணவி எழுதிய அப்பழைய கட்டுரையை எடுத்துப் படித்துப் பயன்கொண்டார் என்பதைப் பாலி மர்ரே பல்லாண்டு கழித்தே அறிந்தார்.

1944-இல் வகுப்பின் முதன்மை மாணவியாய்த் தேர்ந்தார். முதன்மை பெற்றோர் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் பயில்வது வழக்கம். உதவித்தொகையும் கிடைத்தது. ஆர்வர்டோ பெண்ணென்று தள்ளியது. குடியரசுத் தலைவர் உரூசுவெல்ட்டின் பரிந்துரை மடலும் அக்கதவைத் திறக்கவில்லை. வட கரோலினா நிறத்தைக் காட்டித் தள்ளியது. ஆர்வர்டு பாலைக் காட்டித் தள்ளியது. அவர் சோரவில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சென்று 1945-இல் சட்ட முதுநிலைப் பட்டம் பெற்றார்.

1951-இல், மாநிலந்தோறும் இனம், நிறம் பற்றி இருந்த சட்டங்களையெல்லாம் திரட்டி 700 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக்கினார். பின்னாளில் உச்சமுறைமன்ற நடுவராகிய தர்குட்டு மார்சல், உரிமை வழக்கறிஞர்களின் மறைநூல் அது என்று போற்றினார். 1965-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சட்ட முனைவரானார். கருப்பினத்தாருள் அங்கு அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அவ்வாண்டே மேரி ஈசுட்டுவுட்டு அம்மையாரோடு சேர்ந்து 'சேன் குரோ' பற்றிய சட்டக் கட்டுரையை வெளியிட்டார். 1966-இல் அலபாமா வழக்கொன்றில், நடுவர் குழுவினின்று கருப்பினத்தாரையும் பெண்டிரையும் விலக்குவது அரசியலமைப்பிற்கு மாறானதென்று தீர்ப்புப் பெறத் துணைநின்றார். வாலரைக் கொன்ற நடுவர் குழுவை அவர் மறக்கவில்லை போலும்! 1971-இல், பெண்ணைத் தாழ்த்திய சட்டமொன்றை உச்சமுறைமன்றம் முதன்முறையாக நிகருரிமை நெறியால் வீழ்த்தியது. அவ்வழக்குரையை எழுதிய உரூத்து பேடர் கின்சுபர்கு, வழிகாட்டிய நன்றிக்காகப் பாலி மர்ரேயின் பெயரையும் அதன் முகப்பிற் பொறித்தார்.

சொல்லின்பால் அவர் காட்டிய விழிப்பு தமிழ் நெஞ்சங்கள் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் சிறப்புப் பெயர்கள் பேரெழுத்தில் தொடங்கும். வெள்ளை இதழ்கள் பல 'நீகிரோ' என்பதைச் சிற்றெழுத்தில் எழுதி வந்தன. பேரெழுத்திலேயே எழுத வேண்டுமென்று அவர் உறுதியாய் நின்றார். ஓர் எழுத்துத்தானே என்று நகைப்பார் நகைக்கட்டும். ஓர் இனத்தின் பெயரைச் சிறுமைப்படுத்துவோர் அவ்வினத்தையே சிறுமைப்படுத்துவோர் என்பது மானமுள்ளோர்க்கு விளங்கும்.

1978-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்க முன்வந்தது. நாற்பதாண்டுகளுக்கு முன் மூடிய கதவு அது. அந்நாளிலும் இனப்பிரிப்பின் எச்சங்களை நீக்க அது முழுமையாய் உடன்படாமை கண்டு, அப்பட்டத்தை மறுத்துவிட்டார். தமக்கு மட்டும் கிட்டும் பெருமை தம் மக்களுக்குக் கிட்டிய உரிமையாகாது என்பது அவர் தெளிவு. 1985 சூலை 1-ஆம் நாள் மறைந்தார். 2024-இல் அமெரிக்க அரசு கால் டாலர்க் காசில் அவர் உருவைப் பொறித்தது.

தாய்மார்களே! உங்கள் மகள் சட்டம் பயில விழைந்தால் தடுக்காதீர். மாணவியரே! எள்ளல் கேட்டு வகுப்பை விட்டு எழாதீர். பட்டம் பெற்றபின் அதனைச் சுவரிற் றொங்கவிட்டு ஓயாதீர். சட்டம் சொற்களால் ஆனது. சொல்லை ஆளத் தெரிந்தவரே அதனைத் திருத்துவர். உங்களைச் சுற்றிப் பெயரின்றி உலவும் கொடுமைகள் எத்தனை? அவற்றை உற்று நோக்குங்கள். உங்கள் தாய்மொழியில் அவற்றிற்குப் பெயரிடுங்கள். பெயரிட்ட பின் ஓயாது பொருதுங்கள்.