ஓரத்தில் நின்ற அண்ணன்

 

'வெற்றிக்குத் துணை இளமையின் வேகமே' என்று முழங்கிய தங்கை, போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "நாற்பது தாண்டினா ஓரமா நிக்க வேண்டியதுதான்"னார். அம்மா, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்! நாற்பது தாண்டி ஓரமா நின்ன ஒருத்தரைப் பத்திப் பேசத்தான் நான் வந்திருக்கேன். (சிரிப்பு)

அவர் பெயர் தர்மராஜ் சேரலாதன். இதே தஞ்சை மாவட்டத்துக்காரர். 1975-ல் பிறந்தவர். நின்ற ஓரம், கபடிக் களத்து ஓரம். கார்னர்னு சொல்றாங்களே, அது! (கைதட்டல்)

கபடின்னு இப்ப சொல்றோம். நமக்கு அது சடுகுடு. சம்பா அறுவடை முடிஞ்ச வயல்ல, அறுத்த தாள் உள்ளங்காலைக் குத்தக் குத்த ஆடின ஆட்டம். விழுந்தா முட்டி பேந்துடும். வீட்டுக்குப் போனா அப்பா கையால மிச்சமும் பேந்துடும். அந்த ஆட்டம் 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுக்கே போயிடுச்சு. 2014-ல் புரோ கபடி வந்தது. வயல் மண் போய் மெத்தை விரிப்பு வந்தது.

அந்த மெத்தையில, 2016-ல், பாட்னா அணிக்குத் தலைவர் நம்ம சேரலாதன். வயசு 41. அதே அணியில் பாடிப் போகிற பர்தீப் நர்வாலுக்கு வயசு 19! அப்பாவும் பிள்ளையும் மாதிரி. அந்த ஜூலை 31-ல் நடந்த இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

உடனே எதிரணி குதிக்கும்: "புள்ளி எடுத்தது அந்தப் பத்தொன்பது வயசுதானே?" எடுத்தான், மறுக்கலை. ஆனா நடுவர் அவர்களே, கபடியில் பாடிப் போறது பாதி ஆட்டம்தான். பிடிக்கிறது மீதிப் பாதி. பாடி வர்றவனுக்கு 30 விநாடி. அவன் காலை நீட்டி ஆசை காட்டுவான். இளசு என்ன பண்ணும்? பாயும். பாய்ஞ்சவன் தொடப்பட்டு வெளியே போவான், அவனுக்குப் புள்ளி! அனுபவசாலி பாய மாட்டான். வரப்போரத்துக் கொக்கு மாதிரி நிப்பான். அவன் திரும்பி ஓட எடை மாத்துற அந்த ஒரு நொடியில கணுக்காலைப் பிடிப்பான். அந்த நொடி எப்ப வரும்னு சொல்லித்தர எந்தக் கோனார் உரையும் கிடையாது. நூறு தடவை விட்டவனுக்குத்தான் தெரியும்.

அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்திலேயே கொரியாவிடம் 32-34 என்று இந்தியா தோற்றது. இறுதியில் ஈரானிடம் பாதி ஆட்டத்தில் 13-18 என்று பின்தங்கி, பிறகு 38-29 என்று வென்றது. அந்தப் பதினான்கு பேர் பட்டியலில், 41 வயதில், நம்ம ஊர்க்காரரும் இருந்தார். 2019-ல் 44 வயதில் ஹரியானா அணிக்குத் தலைவர். இந்தி பேசுகிற பிள்ளைகளும் அவரை 'அண்ணா'ன்னுதான் கூப்பிட்டார்கள். தமிழ் எங்கே போய் உட்கார்ந்திருக்கு பாருங்க!

சிரிச்சிட்டோம். ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். வயசு 46. இருபது வருஷம் உழைச்ச கம்பெனி, 'இளைஞர்கள் வேணும்'னு கணக்கு முடிச்சு அனுப்பிடுச்சு. அவர் அதை வீட்டில் சொல்லலை. ஒரு மாசம் காலையில சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டு, பஸ் ஏறி, கல்லணையில போய் உட்கார்ந்துட்டு சாயங்காலம் திரும்பினார். (அரங்கில் அமைதி) ஏன் சொல்லலை? "பெரியவனுக்குத் தெரிஞ்சா படிப்பை விட்டுடுவான் சார்"னார். தங்கச்சி, அவரையும் ஓரமா நிக்கச் சொல்லுவீங்களா?

நடுவர் மணியில கை வைக்கிறார். ஐயா, உங்களுக்கும் நாற்பது தாண்டி ரொம்ப நாளாச்சு. பார்த்து அடிங்க! (சிரிப்பு, கைதட்டல்)