சாரணர் மலையும் பறவை காணும் அறமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)





கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தை அடுத்துள்ள சிதறால் குன்றின் பழம்பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்போர் தவத்தின் ஆற்றலால் வானிற் செல்லவல்ல முனிவர். அவரை எண்வகையினராக நூல்கள் வகுக்கும். அவருள் புட்பசாரணர் பூவின்மேலும், பலசாரணர் கனியின்மேலும், தந்துசாரணர் நூலிழையின்மேலும் நடப்பர். பூவும் கசங்காது, அதில் தங்கிய சிற்றுயிரும் துன்புறாது. ஆற்றல் மிகுந்தோர் தம் அடியின் பாரத்தைக் குறைத்துக்கொள்வர் என்பதே இதன் உட்பொருள்.

அக்குன்றின் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும், சிங்கத்தோடும் மக்களோடும் நிற்கும் அம்பிகை இயக்கியின் உருவமும் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் அங்குள்ள பகவதிக்குப் பொன்னணி வழங்கியதைக் கல்வெட்டு கூறுகின்றது.

சிதறாலை வணங்கச் செல்வோர் அம்மாவட்டத்திலேயே காணத்தக்க மற்றோர் இடம் சுசீந்திரம் தேரூர் நீர்நிலை. அது 2022ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் வடபுலத்துப் பறவைகள் நெடுந்தொலைவு கடந்து அங்கு வந்து தங்குகின்றன. பறவை ஐயறிவுயிர், வண்ணத்துப்பூச்சி நாலறிவுயிர் என்பது சைன ஆகமத்தின் பகுப்பு. வண்ணத்துப்பூச்சிகளுள் வெந்தய வரியன் எருக்கஞ்செடியிலும், எலுமிச்சை அழகி கறிவேப்பிலையிலும் முட்டையிடும். வேலியோரத்து எருக்கைக் களையென்று வெட்டுவோர், அதனை உண்டு வளரும் புழுக்களின் உணவையும் வெட்டுகின்றனர்.

இவ்வுயிர்களைக் காண்பதற்கும் ஒரு நெறி உண்டு. நுகத்தடியளவு முன்னே நிலத்தை நோக்கி, உயிர்களை மிதியாது நடத்தலை ஈரியா சமிதி என்பர். சரணாலயத்தில் அதுவே முதல் விதி. கூட்டை நெருங்காமை, கல்லெறியாமை, உரக்கப் பேசாமை, நெகிழிக் கழிவை விட்டுவராமை ஆகியவை அதன் வழிவந்த ஒழுக்கங்கள்.

இங்கு ஒன்றை ஒளியாது கூறவேண்டியுள்ளது. புண்ணிய நாள்களில் கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கி விடுவிக்கும் வழக்கம் சைன அன்பர் பலரிடம் உள்ளது. நோக்கம் தூயது, விளைவோ வேறு. விழா நாள் நெருங்கும்போது கிளியையும் சில்லையையும் தேடி வலை விரிக்கப்படுகின்றது. பிடிபடும்போதும் கூண்டில் அடைபடும்போதும் மடிவன பல. இறகு வெட்டப்பட்டவை விடுபட்டாலும் பறக்க இயலாமல் காக்கைக்கும் பூனைக்கும் இரையாகின்றன. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

உண்பதற்கென்று உலகம் கொள்ளாதாயின் ஊனை விற்பாரும் இலர் என்னும் கருத்தைப் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் நிறுவுகின்றார். அவ்வாதம் இதற்கும் பொருந்தும். விடுவிக்கக் கொடுக்கும் பணமும் வேடன் கையில் அடுத்த வலையாகவே மாறும்.

அப்பொருளைச் செலவிட நல்வழிகள் உள்ளன. தில்லிச் செங்கோட்டை எதிரே திகம்பர சைன லால் மந்திர் வளாகத்தில் இயங்கும் பறவை மருத்துவமனை, காயமுற்ற பறவைகளைப் பேணி நலமானபின் பறக்கவிடுகின்றது. அத்தகைய பணிக்கு உதவலாம். வீட்டருகே எருக்கும் கறிவேப்பிலையும் வளர்க்கலாம். குழந்தைகளைக் கூண்டுக் கடைக்கு அன்றி, தேரூர்க் குளக்கரைக்கு அழைத்துச் செல்லலாம்.

அங்கே எவரும் விடுவிக்கவேண்டாத பறவைகள் தாமே எழுந்து பறக்கும். அதனைத் தொலைவில் நின்று கண்டு, தொடாமல் திரும்புவதும் உயிர்க்கு அளிக்கும் அபயதானமே. திருச்சாரணத்துமலையின் பெயர் உணர்த்தும் அறமும் அதுவே.

அகிம்சையே அறங்களுள் தலை. வாழ்க எவ்வுயிரும்!