புரிஞ்சா போதும், பேச்சு பின்னாடி வரும்: மொட்டை மாடியில ஒரு ஜெர்மன் வகுப்பு

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் கிடையாது, வேலை மாறுற கதையும் கிடையாது. திருத்தணியில எங்க வீட்டு மொட்டை மாடியில ஞாயித்துக்கிழமை நடக்குற ஜெர்மன் வகுப்பைப் பத்திப் பேசப் போறேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க, கீழயே ரோடு.

இது ஆரம்பிச்சது என் சித்தி பொண்ணால. நர்சிங் முடிச்சவ. ஜெர்மனியில நர்ஸா வேலை பார்க்க பொதுவா பி2 வரைக்கும் மொழி வேணும், அதுக்கு முன்னாடி பி1 தாண்டணும். சித்தப்பாகிட்ட இருந்தது ரெண்டு விசைத்தறி. ஒண்ணை வித்துத்தான் கோச்சிங் ஃபீஸ் கட்டினார். பி1 தேர்வுல வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல்னு நாலு பகுதி. ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கு 60 வாங்கணும். வாசித்தல், எழுதுதல் பாஸ். கேட்டலும் பேசுதலும் போச்சு.

அவ நோட்டை வாங்கிப் பார்த்தேன். டெர், டி, டாஸ், நாலு வேற்றுமை, பதினாறு கட்டம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அந்த அட்டவணையைச் சொல்லுவா. நான் ஜெர்மன்ல "அந்தத் தண்ணி பாட்டிலை எடுத்துக் குடும்மா"ன்னேன். முழிச்சா. எழுதிக் காட்டினேன். "ஐயோ, இது எனக்குத் தெரியும்ணா!" கஸ்டமருக்காக ஆபீஸ்ல நான் ஜெர்மன் கத்துக்கிட்டப்ப என் நிலைமையும் இதேதான். கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது.

இதுல வேடிக்கை என்னன்னா, எனக்குத் தெலுங்கு நல்லா வரும். யாரும் உக்கார வச்சுச் சொல்லித் தரல. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் எங்க ஊரே ஆந்திராவுலதான் இருந்தது. இன்னைக்கும் நகரி பஸ்ல ஏறினா தெலுங்கு, மார்க்கெட்ல தெலுங்கு, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிட்டு வர்ற கூட்டத்துல பாதி தெலுங்கு. சின்ன வயசுல கேட்டுக்கிட்டே இருந்தேன், ஒரு நாள் பேச ஆரம்பிச்சேன். ஆனா இங்கிலீஷை 12 வருஷம் படிச்சும் கேம்பஸ் இன்டர்வியூல நாக்கு ஒட்டிக்கிச்சு.

ஸ்டீஃபன் க்ராஷன்னு ஒரு அமெரிக்க மொழியியலாளர். 1982-ல வந்த புத்தகத்துல அவர் இதை விரிவா எழுதியிருக்கார். விதியை மனப்பாடம் பண்றது வேற, மொழி உள்ள இறங்குறது வேற. நமக்குப் புரியுற மாதிரி, நம்ம அளவை விட ஒரு படி மட்டும் மேல இருக்குற பேச்சைக் கேட்டா மொழி தானா ஏறும்ங்கிறது அவர் வாதம். மேடையில ஜெர்மன்லயே இதைச் செஞ்சு காட்டுவார். முதல்ல சும்மா பேசுவார், யாருக்கும் ஒண்ணும் விளங்காது. அப்புறம் தன் கையை, தலையைத் தொட்டுக் காட்டி, போர்டுல ஒரு முகம் வரைஞ்சுக்கிட்டே பேசுவார். அதே ஜெர்மன்தான், கூட்டத்துக்குப் புரியும்.

சரி, செஞ்சு பார்க்கலாம்னு இறங்கினோம். தங்கச்சியோட சேர்த்து நாலு நர்ஸுங்க. முதல் மாசம் யாரும் வாயைத் திறக்க வேண்டாம்னுட்டேன். ஒருத்தி தலையணை கொண்டு வந்தா, ஒருத்தி பிபி பார்க்குற மெஷின். நான் ஜெர்மன்ல சொல்லுவேன், அவங்க செய்யணும், அவ்வளவுதான். "ஷ்டே ஔஃப்", எழுந்திரு. நானும் கூடவே எழுந்திருப்பேன். "நிம் டாஸ் கிஸ்ஸன்", தலையணையை எடு. மூணு நாலு தடவைக்கு அப்புறம் நான் உக்காந்துக்குவேன், அவங்க மட்டும் செய்வாங்க. அப்புறம் வார்த்தையைக் கலைச்சுப் போடுறது: தலையணைக்கு பிபி பாரு, மெஷினைத் தூங்க வை. சிரிப்பு வருதுன்னா புரிஞ்சிருக்குன்னு அர்த்தம், தனியா டெஸ்ட் வேண்டாம். இந்த முறைக்குச் சொந்தக்காரர் ஜேம்ஸ் ஆஷர், கலிஃபோர்னியாவுல உளவியல் பேராசிரியர். அறுபதுகள்லயே ரஷ்ய மொழியை இப்படிச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்.

அடுத்தது கதை. ப்ளேன் ரேன்னு ஒரு ஸ்பானிஷ் வாத்தியார் ஆஷர் முறையை வளர்த்து எடுத்தது இது. நாம கதை சொல்றதில்ல, கேட்டுக் கேட்டுக் கட்டுறோம். "ஒரு குரங்கு இருக்கு. குரங்குக்கு என்ன வேணும்? காபியா, பஞ்சாமிர்தமா?" காபின்னு முடிவாச்சு. உடனே சுத்திச் சுத்திக் கேக்கணும்: குரங்குக்குக் காபி வேணுமா? ஆமா. பஞ்சாமிர்தம் வேணுமா? வேணாம். யாருக்குக் காபி வேணும், வாத்தியாருக்கா, குரங்குக்கா? ஒரே வாக்கியம் பத்து தடவை காதுல விழும், ஆனா சலிக்காது. எங்க குரங்கு 365 படி ஏறி மலை மேல போச்சு, காபி இல்ல, இறங்கிச்சு. கடைசியில ம்யூனிக் ஏர்போர்ட்ல நின்னுச்சு. அது என் ஐடியா இல்லீங்க, அவங்களோடது.

நான் சொதப்பினதையும் சொல்றேன். ஒரு வாரம் ஜெர்மன் சீரியல் ஒண்ணு போட்டேன். பத்து நிமிஷத்துல நாலு பேரும் போனை எடுத்துட்டாங்க. படிக்கும்போது நூறு வார்த்தையில 98 தெரிஞ்சிருந்தாத்தான் மத்ததை ஊகிக்க முடியும்னு ஹூவும் பால் நேஷனும் 2000-ல எழுதியிருக்காங்க. நான் போட்டதுல பாதி கூட அவங்களுக்குத் தெரியாது. இப்ப சத்தத்தை அணைச்சுட்டு, படத்தை நிறுத்தி நிறுத்தி நானே எளிய ஜெர்மன்ல சொல்றேன்.

அதை விடப் பெரிய தப்பு ஒண்ணு. நாலு பேர்ல ஒரு பொண்ணு ஆறாவது வாரமும் வாயே திறக்கல. எனக்குத் தேர்வு பயம். எல்லார் முன்னாடியும் எழுப்பி நிறுத்தி, "நீ சொல்லு, பார்க்கலாம்"னேன். அழுதுட்டா. ரெண்டு வாரம் வரல. பயம் வந்தா காதுல விழுறது உள்ள போகாதுன்னு க்ராஷன் எழுதினதைப் படிச்சுட்டுத்தான் இதைப் பண்ணேன், பாருங்க.

நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன். அவங்க வீட்டுல எல்லாரும் தெலுங்கு. "தமிழ் எப்படிம்மா கத்துக்கிட்ட?"ன்னேன். "ஒண்ணாங்கிளாஸ்ல ஒரு வருஷம் பேசவே இல்லண்ணா. மிஸ் ஏதாவது சொன்னா, பக்கத்துல இருக்குறவ என்ன பண்றாளோ அதையே பண்ணுவேன். ஸ்லேட்டு எடுத்தா ஸ்லேட்டு எடுப்பேன். ரெண்டாங்கிளாஸ்ல பேச ஆரம்பிச்சேன்." நான் அமெரிக்காக்காரங்க புத்தகத்துல தேடினதை இவ ஆறு வயசுலயே செஞ்சு முடிச்சிருக்கா.

இதை மட்டும் வச்சுத் தேர்வு பாஸ் பண்ணலாமான்னு கேட்டா, என் பதில் இல்லைதான். கனடாவுல பிரெஞ்சு வழியிலயே பாடம் படிச்ச பிள்ளைங்களை மெரில் ஸ்வைன் ஆராய்ஞ்சாங்க. வருஷக்கணக்கா கேட்டும், நல்லாப் புரிஞ்சும், பேச்சுல தப்பு போகல. பேசவும் வைக்கணும்னு 1985-லயே எழுதினாங்க. அதனால கடைசி அரைமணி நேரம் இப்ப பேச்சு, ரெண்டு ரெண்டு பேரா: ஒருத்தி நோயாளி, ஒருத்தி நர்ஸ். நான் காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவேன். அந்த அட்டவணையையும் நாங்க தூக்கிப் போடல. எழுதும்போது அது உதவுது.

தங்கச்சி கேட்டல் பகுதியைத் திரும்ப எழுதி 71 வாங்கிட்டா. பேசுதல் அடுத்த மாசம். அந்த அமைதியான பொண்ணும் அவளோடதான் போறா. போன ஞாயிறு நான் மாடிப்படியில கால் தடுக்கி உக்காந்துட்டேன். அவதான் முதல்ல ஓடி வந்தா. "வோ டூட் எஸ் வே?", எங்க வலிக்குதுன்னு ஜெர்மன்லயே கேட்டா. அப்புறம் காலைக் காட்டி "டாஸ் ஃபூஸ்?"ன்னா. 'டெர் ஃபூஸ்'னு வரணும். நான் திருத்தல. "யா"ன்னு சொல்லிட்டுக் காலை நீட்டினேன்.