அழுகுரல் இருந்த இடம்



சினிமாவில் இசை என்று பேச்செடுத்தால் அது பாட்டில் போய் முடிவது நம் வழக்கம். இந்த உரை பாட்டைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டொரு நிமிடமே ஓடும் ஒரு காட்சியின் அருகில் போய் நிற்கிறது.

1

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' வெளியான ஆண்டு 1955. பிழைப்புத் தேடிப் போன ஹரிஹர் பல மாதம் கழித்து வீடு திரும்புகிறான். புயலில் வீடு சிதைந்து கிடக்கிறது. மகள் துர்கா காய்ச்சலில் போய்விட்டது அவனுக்குத் தெரியாது. ஊரிலிருந்து வாங்கி வந்ததை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறான். சப்பாத்திக் கட்டை, சட்டம் போட்ட லட்சுமி படம், கடைசியாகத் துர்காவுக்கு ஒரு சேலை. அதுவரை வாய் திறக்காத சர்வஜயா அந்தச் சேலையைப் பல்லில் கடித்துக்கொண்டு உடைந்துபோகிறாள்.

திரையில் அவள் கதறுவது தெரிகிறது. ஆனால் காதில் விழுவது அவள் குரல் இல்லை. மேல் ஸ்தாயியில் ஒரு தந்தி வாத்தியம் அழுகிறது.

அதன் பெயர் தார்ஷெனாய். 'தார்' என்றால் கம்பி. வில் போட்டு வாசிக்கும் எஸ்ராஜில், பழைய கிராமபோனில் இருப்பதைப் போன்ற ஒரு சிறிய குழலைப் பொருத்தினால் அதுதான் தார்ஷெனாய். கம்பியின் நாதம் குழல் வழியே வெளிவரும்போது அதற்கு ஷெனாயின் சாயல் வந்துவிடும். படத்துக்காக வாசித்தவர் தட்சிணாமோகன் தாகூர். ராகம் பட்தீப். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அதில் கௌரிமனோகரியின் சுரங்கள் பிடிபடும்.

நடிகை கருணா பானர்ஜியின் அழுகுரல் அங்கே ஒலிக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர் ராய். அந்த இடத்தின் கனத்துக்கு நிஜ அழுகை போதாது என்று அவருக்குப் பட்டது. பாட்டுக்கு வாயசைப்பது நம் சினிமாவில் அன்றாடம் நடப்பது. இங்கே ஒரு தாய் வாத்தியத்துக்கு வாயசைக்கிறாள்.

2

இசையமைப்பாளர் ரவிசங்கருக்குக் கச்சேரிகளுக்கு நடுவே கிடைத்த அவகாசம் சொற்பம். படத்தின் ஏறக்குறைய பாதியை மட்டும் பார்த்தார். இசையின் பெரும்பகுதி ஒரே அமர்வில், இரவெல்லாம் உட்கார்ந்து பதிவானது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கும் சிதார் தெரியும். படத்தில் சில இடங்களில் ஒலிப்பது அவர் கை.

தமிழ் ரசிகருக்கு இந்தக் காட்சியில் ஒரு சிக்கல் உண்டு. நம் படங்களில் ஷெனாய் என்றாலே சோகம். கதாநாயகி தலைகுனிந்தால் போதும், அது கிளம்பிவிடும். வடக்கே கதை வேறு. இங்கே நாதஸ்வரம் எப்படியோ, அங்கே ஷெனாய் அப்படி. கல்யாண வீட்டு வாசலில் வாசிக்கும் மங்கல வாத்தியம். தோழியின் கல்யாணத்தைப் பார்த்துக் கண்கலங்கும் துர்கா இதே படத்தில் முன்பே வருகிறாள். அவளுக்கென்று வாங்கிய சேலை விரியும் நேரத்தில் எழும் நாதத்தில் கல்யாண வாத்தியத்தின் சாயல் இருப்பது தற்செயலாகவே இருக்கட்டும். கேட்பவர் நெஞ்சில் அது செய்கிற வேலை தற்செயல் இல்லை.

3

ஐந்து ஆண்டு கழித்து ஹாலிவுட்டில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் சொல்லியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை. முழுப் படத்துக்கும் தந்தி வாத்தியங்களை மட்டுமே எடுத்துக்கொண்டவர், அந்த இடத்துக்கும் வயலின்களைக் கிறீச்சிட வைத்தார். கேட்டுப் பார்த்த ஹிட்ச்காக் மனம் மாறினார். ராய் குரலை எடுத்துவிட்டுத் தந்தியை வைத்தார். ஹெர்மனோ பெண்ணின் அலறலோடு தந்தியையும் சேர்த்து அலறவிட்டார்.

சென்னையில் இதற்கெல்லாம் முன்பே வேறொரு துணிச்சல் அரங்கேறியிருந்தது. 1931இல் வந்த 'காளிதாஸ்' சுமார் 50 பாட்டோடு தொடங்கிவைத்த தமிழ்ப் பேசும்பட மரபில், 1954இல் 'அந்த நாள்' ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்தது. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். சங்கீதம் தெரியாதவர் பாட்டை விட்டுவிட்டார் என்று அவரைப் பற்றி யாரும் சொல்லிவிட முடியாது.

உரை முடிந்ததும் 'பதேர் பாஞ்சாலி' காட்சி இந்த அரங்கில் இருமுறை திரையிடப்படும். முதலில் ஒலியை அணைத்துவிட்டு, பிறகு ஒலியோடு. முதல் முறை, சேலையைக் கடித்த அந்த வாயை மட்டும் பார்த்தால் போதும்.